காஞ்சியில் இரண்டு நாட்கள்

நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. கோவிலில் ஓலை கூறவும் நாள் குறித்தாயிற்று. இனிச் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், நம் பங்குகளில் பெரும்பாலான குடும்பங்கள் சொல்லும் மறுமொழி ஒன்றே: "காஞ்சிபுரம் போய்ப் பட்டு எடுக்க வேண்டும், சுவாமி." விடியற்காலையில் வேன் ஒன்று புறப்படும். பத்து மணிக்குக் காந்தி சாலையில் ஒரு கடைக்குள் நுழைவார்கள். பிற்பகல் மூன்று மணி வரை புடவைகளை விரிக்கச் சொல்லி, மடிக்கச் சொல்லி, விலை பேசி, பையும் கையுமாக வெளியே வருவார்கள். வழியில் ஓர் உணவு விடுதி, இருட்டுமுன் வீடு. கேட்டவர்களுக்கெல்லாம் "காஞ்சிபுரம் போய் வந்தோம்" என்று சொல்வார்கள்.

போய் வந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் காஞ்சியைக் கண்டார்களா? தாங்கள் வாங்கிய புடவையை நெய்த கைகளையாவது கண்டார்களா?

அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த முறை அந்த ஒரு நாளை இரண்டு நாளாக ஆக்கிக்கொள்ளுங்கள் என்பதே நாம் இங்கே முன்வைக்கும் ஆலோசனை. வீட்டில் திருமணம் இல்லாவிட்டாலும் சரி. ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளையும் பாட்டி தாத்தாவையும் அழைத்துக்கொண்டு காஞ்சிக்குச் சென்று வாருங்கள். புடவையை வாங்குவதானால் அதைக் கடைசியாக வாங்குங்கள். ஊரையும் தறியையும் கண்ட பின் வாங்கும் புடவை வேறு. காணாமல் வாங்கும் புடவை வேறு.

புறப்படுமுன்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பெங்களூர் நெடுஞ்சாலை வழியாகப் பேருந்துகள் ஓயாது ஓடுகின்றன. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து செங்கற்பட்டு வழியாக மின்சார ரயிலும் உண்டு, நேரம் சற்றுக் கூடுதலானாலும் செலவு மிகக் குறைவு, குழந்தைகளுக்கும் மகிழ்ச்சி. தென் மாவட்டங்களிலிருந்து வருவோர் செங்கற்பட்டில் இறங்கி மாறிக்கொள்ளலாம். சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்த்து, மார்கழி முதல் மாசி வரையுள்ள நாட்களில் செல்வது முதியோருக்கு நல்லது. பெரிய கோவில்களின் திருவிழா நாட்களில் தங்க இடம் கிடைப்பது அரிது. அதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். காஞ்சியின் கோவில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கப்படும். இது தெரியாமல் பன்னிரண்டு மணி வெயிலில் பூட்டிய கதவின் முன் நின்று, பிள்ளைகள் அழ, பெரியவர்கள் சலித்துக்கொள்ளும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆகவே காலை நேரம் கோவிலுக்கு, நண்பகல் தறிக்கு, மாலை மீண்டும் கோவிலுக்கு என்று வகுத்துக்கொள்ளுங்கள். ஊர் பழமையாகப் பெரிய காஞ்சிபுரம், சின்னக் காஞ்சிபுரம் என்று இரு பகுதிகளாக வழங்கி வருகிறது. முதல் நாள் முழுவதையும் பெரிய காஞ்சிபுரத்திற்கே ஒதுக்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடுவோர் எதையும் பார்ப்பதில்லை.

கல்லில் எழுதிய வரலாறு

சனிக்கிழமை காலை முதலில் செல்ல வேண்டிய இடம், ஊரின் மேற்கே அமைதியாக நிற்கும் கைலாசநாதர் கோவில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்று பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் கட்டியது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. அடித்தளம் கருங்கல், அதன் மேலுள்ளது மணற்கல். சுற்று மதிலின் உட்புறம் நெடுகிலும் 58 சிறு சன்னிதிகள் வரிசையாக அமைந்துள்ளன. தூண்களைத் தாங்கிப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கங்களைப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால் எண்ணி முடிக்கமாட்டார்கள். அச்சிறு சன்னிதிகளின் உட்சுவர்களில் அங்கங்கே வண்ணத் திட்டுகள் தெரியும். அவை பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்கள். புதுச்சேரியில் பேராசிரியராயிருந்த ழுவோ துப்ரே என்ற பிரெஞ்சு அறிஞர் 1931-ஆம் ஆண்டு இவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்.

இக்கோவிலின் முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னட மொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தமிழகத்துக் கோவிலில் கன்னடக் கல்வெட்டு எப்படி வந்தது? சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் எட்டாம் நூற்றாண்டில் பல்லவரை வென்று காஞ்சிக்குள் புகுந்தான். இரு குலங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை முன்னொரு காலத்தில் பல்லவர் கைப்பற்றி அழித்திருந்தனர். பழிவாங்கும் நாள் வந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அம்மன்னன் நகரை அழிக்கவில்லை. இக்கோவிலின் செல்வங்களைக் கண்டு வியந்து, அவற்றைக் கோவிலுக்கே திரும்ப வழங்கினான். அதைத்தான் அக்கல்வெட்டு சொல்கிறது. பின்னர் அவனுடைய அரசியின் பெயரால் கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் எழுந்த பெருங்கோவிலில் காஞ்சிக் கோவிலின் சாயலைக் காணலாம் என்பர் அறிஞர். பகைவனின் ஊரில் அழகைக் கண்டபோது அதை உடைக்காமல், தன் ஊரிலும் அதுபோல் ஒன்று எழ வேண்டும் என்று விரும்பிய மன்னனின் கதையை அந்தத் தூணருகே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அங்கிருந்து நகரின் நடுவே உள்ள வைகுந்தப் பெருமாள் கோவிலுக்கு வாருங்கள். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்களில் கருவறைகள் அமைந்துள்ளன. இங்கே நாம் காண வேண்டியது சுற்றுமண்டபச் சுவர்களில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் பல்லவர் வரலாறு. அரசன் மகப்பேறின்றி இறந்தான். நாடு தலைவனின்றித் தவித்தது. அமைச்சரும் நகரத்தாரும் பல்லவர் கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று, அவருடைய மக்களில் ஒருவரை அரசராகத் தர வேண்டினர். மூத்த மூவரும் மறுத்தனர். பன்னிரண்டே வயது நிரம்பிய கடைசி மகன், 'நான் போகிறேன்' என்று முன்வந்தான். அவனே நந்திவர்மனாக முடிசூடி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன். இக்கோவிலைக் கட்டியவனும் அவனே. உங்கள் வீட்டிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருப்பான். அச்சிற்பத்தின் முன் அவனை நிறுத்திக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் படித்து மறந்த பல்லவர்கள் அன்று முதல் அவனுக்கு மறக்கமாட்டார்கள்.

பிறர் வழிபடும் இடத்தில் நாம்

'கத்தோலிக்கராகிய நாம் கோவில்களுக்குப் போகலாமா, சுவாமி?' என்று சிலர் தயக்கத்தோடு கேட்பதுண்டு. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில் தெளிவாகக் கூறியுள்ளது. புனித சின்னப்பர் ஏதென்சு நகருக்குள் வந்தபோது, அந்நகர மக்களின் வழிபாட்டு இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போகவில்லை. உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. நாமும் நம் விசுவாசத்தில் உறுதியாயிருந்து, நம் முன்னோரின் கலையையும் அயலாரின் பக்தியையும் மரியாதையோடு காணலாம்.

மரியாதை என்பது நடத்தையில் தெரிய வேண்டும். அடக்கமான உடை வேண்டும். காலணிகளை வெளியே விட வேண்டும். வழிபடுவோரை மறித்து நின்று புகைப்படம் எடுக்கலாகாது. வழிபாடு நடைபெறும் பெரிய கோவில்களில் குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்று பலகை இருக்கும். அதைக் கண்டு வருந்தவோ வாதாடவோ தேவையில்லை. நம் கோவிலில் நற்கருணைப் பேழையின் அருகே யாரும் விரும்பியபடி நடமாடுவதை நாம் ஏற்போமா? அவர்கள் வீட்டில் அவர்கள் வகுத்த முறை. விருந்தினர் அதை மதிப்பதே பண்பு.

தறியின் முன்னே

நண்பகல் உணவுக்குப் பின் பிள்ளையார்பாளையம் பக்கம் செல்லுங்கள். பெரிய காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்கள் அங்கே இருக்கின்றன. முன்பின் அறியாத வீட்டுக்குள் நேரே நுழைந்துவிடாமல், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மூலமாகவோ, நகரிலுள்ள நம் பங்கு மக்களில் தெரிந்தவர் மூலமாகவோ சொல்லி வைத்துச் செல்வது நலம். நிலையத்தில் இறங்கியதும் 'நெசவு காட்டுகிறேன், வாருங்கள்' என்று அழைப்பவரைப் பின்தொடர்ந்தால், பெரும்பாலும் அவருக்குத் தரகு கொடுக்கும் கடையில்தான் போய் நிற்பீர்கள்.

தறி இருக்கும் அறை பெரும்பாலும் சிறியது, வெளிச்சமும் குறைவு. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு நெசவாளர் அமர்ந்திருப்பார். கால் மிதிக்கும், கை நாடாவை வீசும், மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டி புட்டாவுக்கும் கரைக்கும் வேண்டிய இழைகளைத் தூக்கிக் கொடுக்கும். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சியிலேயே அரசு நிறுவனமான தமிழ்நாடு சரிகை ஆலையும் உள்ளது. அசல் சரிகை என்பது பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அதில் தங்கத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றையும் எட்டாது என்பதை அறிந்தால் பலர் வியப்படைவர்.

காஞ்சிப் பட்டின் தனிச் சிறப்பு 'கோர்வை'. உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம் என்றால், ஒரே நாடாவால் அதை நெய்ய முடியாது. மூன்று நாடாக்கள் வேண்டும்: ஒன்று உடலுக்கு, இரண்டு கரைகளுக்கு. ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கொக்கியிட்டுப் பற்றிக்கொள்ள வேண்டும். தறியில் இருப்பவர் ஒருவரால் இதைச் செய்வது கடினம். பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒரு கரை நாடாவைக் கொடுத்து வாங்குவார். பெரும்பாலும் அவர் மனைவியாக இருப்பார். முந்தானை வேறு நிறமானால், பாவு இழைகளையே ஒவ்வொன்றாகப் புதிய நிற இழையோடு சேர்க்க வேண்டும். இதற்குப் 'பெட்னி' என்று பெயர். இப்படி ஒரு புடவை முடிய, வேலைப்பாட்டைப் பொறுத்து, பத்து நாளும் ஆகும். இருபது நாளும் ஆகும். அதற்கு மேலும் ஆகும்.

கரையில் ஓடும் கோலங்களின் பெயர்களைக் கேளுங்கள்: கோபுரம், யாளி, அன்னம், மயில்கண், உருத்திராட்சம், மாங்காய், மல்லிமொக்கு. காலையில் கல்லில் கண்ட யாளி பிற்பகலில் பட்டில் வந்து நிற்கும். கோவில்களை முதலில் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுவே.

சென்ற ஆண்டு நம் பங்கிலிருந்து சில குடும்பங்களோடு அத்தகைய வீடு ஒன்றிற்குச் சென்றிருந்தோம். எங்களோடு வந்த மூதாட்டி ஒருவர், நாடாவைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த அம்மையாரிடம், "இத்தனை புடவை நெய்கிறீர்களே, தாயே, உங்களிடம் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டார். அந்த அம்மையார் கை நிறுத்தாமல், "என் கலியாணத்துக்கு ஒன்று, அக்கா. மகளுக்குத் தவணையில் ஒன்று எடுத்தோம், கடன் இப்போதுதான் அடைந்தது" என்றார். அதன்பின் எங்கள் வேனில் யாரும் விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. தம் மகளின் திருமணத்திற்குப் பட்டுப் புடவை நெய்து தர ஏங்கும் ஏழை நெசவாளி ஒருவரின் துயரத்தை இயக்குநர் பிரியதர்சன் 'காஞ்சிவரம்' என்னும் திரைப்படமாக எடுத்தார். 2007-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கான தேசிய விருதை அது பெற்றது. ஊரார் மகள்களுக்கெல்லாம் பட்டு நெய்தவர் தம் மகளுக்கு நெய்ய முடியவில்லை என்பதே அதன் சாரம்.

இன்னொரு துயரமும் இருந்தது. கோர்வைத் தறியின் பக்கத்தில் நாடாவைக் கொடுத்து வாங்கும் இடத்தில் பல ஆண்டுகளாகச் சிறுவர் சிறுமியர் அமர்த்தப்பட்டிருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிள்ளைகள் பள்ளியை இழந்தனர். மனித உரிமைகள் கண்காணிப்பு அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கை இந்தியப் பட்டுத் தொழிலில் நிலவிய இந்தக் கொத்தடிமை நிலையை விரிவாக எடுத்துரைத்தது. அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசு அலுவலரும் தொண்டு அமைப்புகளும் இடைவிடாது உழைத்ததன் பயனாக அப்பிள்ளைகளில் பலர் பள்ளிக்குத் திரும்பினர். இன்றைய துயரம் வேறு: விசைத்தறியில் நெய்த போலிகள் கைத்தறியின் பெயரால் விற்கப்படுகின்றன; கூலி போதவில்லை; நெசவாளரின் மக்கள் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அவர்கள் போவதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் கைத்தறிக்கு நியாயமான விலை கிடைத்தால் விரும்புவோராவது அதில் நிலைத்திருக்க முடியும்.

விடைபெறும்போது நெசவாளர் வீட்டில் விலை பேசாதீர்கள். கேட்காமல் புகைப்படம் எடுக்காதீர்கள். ஒரு சீப்புப் பழம் கொடுத்து, நன்றி சொல்லி வாருங்கள். புனித சின்னப்பரும் கொரிந்து நகரில் கூடாரத் தொழில் செய்து தம் கைகளால் உழைத்து உண்டவரே.

மாலையில் ஏகாம்பரநாதர் கோவிலின் இராசகோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 1509-இல் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. உயரம் 192 அடி. வெயில் சாயும் நேரத்தில் அதன் எதிரே சற்று அமர்ந்திருப்பதே அன்றைய களைப்புக்கு மருந்து.

ஞாயிறு

ஞாயிறு காலை நகரிலுள்ள நம் பங்குக் கோவிலில் திருப்பலியில் பங்குபெறுங்கள். திருப்பலி நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள். வெளியூர் போனால் பூசைக்கு விடுமுறை என்று எண்ணுவோரும் உண்டு. வேற்றூர்ப் பங்கு மக்களோடு சேர்ந்து செபிப்பதே தனி மகிழ்ச்சி என்பதை அவர்கள் அறியார்.

பின்னர் வேகவதி ஆற்றைக் கடந்து திருப்பருத்திக்குன்றம் செல்லலாம். சமண காஞ்சி என்று வழங்கும் இச்சிற்றூரின் கோவிலில், விசயநகர அமைச்சர் இருகப்பர் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய மண்டபத்தின் கூரையில், தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக விரிகின்றன. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததாக எழுதிவைத்தார். மணிமேகலையின் கதையும் காஞ்சியில்தான் நிறைவுறுகிறது. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் ஆகிய நான்கும் ஒரே நகரில் கற்றும் கற்பித்தும் வாதிட்டும் வாழ்ந்தன என்பது இன்றைய இளைஞருக்கு அவசியம் சொல்ல வேண்டிய செய்தி.

1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பேரறிஞர் அண்ணா பிறந்ததும் இவ்வூரிலேதான். அவரும் நெசவாளர் குடும்பத்தவரே. அவர் வாழ்ந்த எளிய வீடு நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோவிலின் கல் மண்டபத்தையும், அதன் மூலையில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியையும் காணலாம். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து மூங்கில் குடலையில் மந்தாரை இலையிட்டு வேகவைக்கும் காஞ்சிபுரம் இட்டலியை அங்கே சுவைக்காமல் வந்தால் பாட்டிமார் மன்னிக்கமாட்டார்கள்.

புடவை எடுக்கும் நேரம்

இப்போது, இரண்டாம் நாள் பிற்பகலில், புடவைக்கு வாருங்கள். கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களையே நாம் முதலில் பரிந்துரைக்கிறோம். நெசவாளரே உறுப்பினராயுள்ள அமைப்புகள் அவை. எங்கே வாங்கினாலும் பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் உண்டா என்று பாருங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ஆம் ஆண்டு முதல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு. சரிகையின் தரத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்; நேர்மையான கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். புடவையைத் திருப்பிப் பார்த்து, கரையும் உடலும் சேருமிடத்தைத் தடவிப் பாருங்கள். தறியில் கோர்வை போடுவதை நேரில் கண்டவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு சொல், மேய்ப்பர் என்ற முறையில். வட்டிக்குக் கடன் வாங்கி விலையுயர்ந்த பட்டு எடுக்காதீர்கள். மணமகளின் மாண்பு சரிகையின் எடையில் இல்லை. வசதியுள்ளவர் நல்ல கோர்வைப் புடவை ஒன்றை உரிய விலை கொடுத்து வாங்குங்கள். ஐந்து போலிப் புடவைகளைக் காட்டிலும் அந்த ஒன்றே பேத்தி காலம் வரை வரும். வசதியற்றவர் நல்ல பருத்திப் புடவை ஒன்றை வாங்கினாலும், அதையும் ஒரு கைத்தறியாளர்தான் நெய்திருப்பார். திருப்பீடத்தின் முன் இரண்டுக்கும் ஒரே ஆசீர்தான்.

செங்கற்பட்டு வழியாக ஊர் திரும்புவோர் உத்திரமேரூரில் ஒரு மணி நேரம் இறங்கலாம். அங்குள்ள கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையை விவரிக்கின்றன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் போட்டியிடலாகாது என்பது அதில் ஒரு விதி. பங்குப் பேரவை உறுப்பினர் அனைவரும் ஒருமுறை சென்று படித்துவர வேண்டிய கல்வெட்டு அது!

வீடு திரும்பிய இரவு, செபமாலைக்குப் பின், பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: "காஞ்சியில் நீங்கள் கண்டதில் மறக்க முடியாதது எது?" ஒருவன் சிங்கத் தூண் என்பான்; ஒருத்தி இட்டலி என்பாள். ஒரு பிள்ளையாவது, "குழிக்குள் உட்கார்ந்து நெய்தாரே, அந்தத் தாத்தா" என்று சொன்னால் உங்கள் பயணம் பலித்தது என்று கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் கடையில் பட்டுப் புடவை ஒன்றை விரித்துப் பார்க்கும்போது, விலைச் சீட்டோடு அந்தக் கைகளையும் நினைக்கும்.